அடிக்காத கை

மருத்துவமனையில் அவளுக்குப் பட்டப்பெயர் துத்தநாகக்காரி. செல்லுக்குள் துத்தநாகம் சேரவேண்டிய இடத்துக்குச் சேராமல் போவதால் வரும் அபூர்வ நோயில் கரைகண்ட டாக்டர். அந்த நோய் அவளுக்கே உண்டு. தொட்டாலே கன்றும் தோல், சொன்ன பேச்சு கேட்காத மூட்டுகள்.

சின்ன வயதில் அந்தக் கன்றல்களைக் காட்டி, "பெத்தவளே அடிக்கிறா, என் கண்ணால பார்த்தேன்" என்று போலீசில் சொன்னவள் அத்தை. அப்பா தங்கையை நம்பினார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அம்மா, மகளைப் பார்க்க ஏங்கியே போய்ச்சேர்ந்தாள்.

அதே அத்தை இப்போது மகன், மருமகளோடு, உடம்பெல்லாம் கன்றிய பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். டாக்டரை அடையாளம் தெரிந்ததும் முகம் வெளிறியது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"இவதான்மா பிள்ளையைப் போட்டு அடிக்கிறா."

மருமகள் தலை நிமிரவில்லை. டாக்டர் எல்லாருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

முடிவு வந்த அன்று அப்பாவையும் வரவழைத்தாள். கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள்.

"பையனை யாரும் அடிக்கல. நோய்."

"ஜிங்க் மாத்திரை குடுத்தா சரியாயிடுமா?" என்றான் அத்தை மகன்.

"உடம்புல ஜிங்க் இருக்குங்க. செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பைகள்ல அடைபட்டுக் கிடக்கு. வெளிய விடுற கதவு பழுது. அதனால தோலையும் மூட்டையும் பிடிச்சு வைக்கிற நாரு உறுதியாகல. தாய் வழியில ஒண்ணு, தகப்பன் வழியில ஒண்ணு, ரெண்டும் பழுதா வந்தாத்தான் இந்த நோய். தகப்பன் வழிப் பழுது உங்ககிட்டேருந்து வந்தது, அத்தை. எனக்கு வந்தது உங்க அண்ணன்கிட்டேருந்து."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"எங்கம்மா அடிச்சதைப் பார்த்தீங்களா?"

"பழசை எதுக்கும்மா..."

"பார்த்தீங்களா?"

"இல்ல."

அப்பா தங்கையையே பார்த்தபடி எழுந்தார். மருமகள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "இனிமே அந்த வீட்டுல கால் வைக்கமாட்டேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வெளியேறினாள். அவனும் பின்னாலேயே போனான்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்று அத்தை கையைப் பிடித்தாள்.

"மெதுவா. கன்னிப்போயிடும்" என்று கையை உருவிக்கொண்டாள் டாக்டர். "மன்னிக்க வேண்டியவளை நீங்க உயிரோட விட்டு வைக்கல."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நர்ஸைப் பார்த்து, "அடுத்தவங்களை அனுப்பு" என்றாள். அன்று மதியம் அவளுக்கு நல்ல பசி. வயிறாரச் சாப்பிட்டாள்.