இந்துஜா எழுதாமல் விட்ட வரி

1

இது நானாக யோசித்த கதை இல்லை. வங்காளத்து நியூ டவுனில் எங்கள் அடுக்ககத்தின் ஏழாவது மாடியில் இருக்கும் இந்துஜா, லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சொன்னது. சொன்னாள் என்பதைவிட நான் பிடுங்கினேன் என்பதே சரி. (கதை எழுதுகிறவர்களிடம் வாயைத் திறக்காதீர்கள். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்!)

2

முதல் தொடக்கம்: "ஒரு நிறுவனத்தின் உண்மையான சொத்து அதன் ஊழியர்களின் அறிவே."

அடித்துவிட்டேன். அது அவளுடைய மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலின் முதல் வரி.

இரண்டாம் தொடக்கம்: போன வருடம் பார்த்தசாரதி சாருக்குச் சால்வை போட்டார்கள். பெரிய புடவைக்கடை ஒன்றின் ஆன்லைன் ஆர்டர்களைக் கவனிக்கும் மென்பொருளைக் கட்டிக் காத்தவர். தெரிந்ததையெல்லாம் கேமரா முன் சொல்லி, அலுவலகத்தின் 'அறிவு வங்கி'யில் ஏற்றினார். கைதட்டல், சந்தேஷ் இனிப்பு, புகைப்படம். துர்கா பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது அவருடைய அடையாள அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை.

இப்போது அவரிடம் கேட்டுவந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரு சாட்பாட் பதில் சொல்கிறது. "ஆகே ஜோல் கான்" என்றுதான் ஆரம்பிக்கும். முதலில் தண்ணீர் குடியுங்கள். பதறி ஓடி வருகிறவர்களிடம் அவர் தன் அரைகுறை வங்காளத்தில் சொல்வது.

"அதைப் பாத்ததும் அழுகை வந்துடுச்சுக்கா. அப்புறம் பயம் வந்துடுச்சு" என்றாள் இந்துஜா.

3

இந்த வருடம் அவள் முறை. மென்பொருள் உறைந்துபோனால் மீட்பது எப்படி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். மறுபடி ஓடவிடுவதற்கு முன் செய்யவேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அதைச் செய்யாவிட்டால் எல்லா ஆர்டரும் இரண்டு தடவை கிளம்பிவிடும்.

"அது என் தலைக்குள்ள இருக்கிறவரைக்கும்தான் எனக்கு வேலை."

அந்த ஒன்று என்னவென்றால், [                    ]

அடைப்புக்குறிக்குள் விளக்கமாகவே எழுதியிருந்தேன். வரைவைப் படித்தவளுக்கு முகம் மாறிவிட்டது. "எடுத்துடுங்கக்கா. நீங்க இணையத்துல போட்டா அந்த சாட்பாட் இதையும் படிச்சுடும்."

எடுத்துவிட்டேன். ஆனாலும் மேலாளரைப் பார்ப்பதுபோல்தான் என்னைப் பார்த்தாள். சுருக்கென்றது. நானும் அவளைப் பேசவிட்டு எழுதிக்கொண்டவள்தானே.

4

முடிவு ஒன்று: பூஜை விடுமுறையில் மென்பொருள் உறைகிறது, மேலாளர் இந்துஜாவைத் தேடி ஓடிவருகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விடுமுறையில் பணியில் இருக்கப்போவது யார் என்று கேட்டபோது அவள் பேச்சை மாற்றினாள். அப்போதே எனக்குச் சந்தேகம்.

முடிவு இரண்டு: மனசு கேட்காமல் இந்துஜா...

அழைப்புமணி. மூன்றாம் மாடி ஆமினா. வாணியம்பாடியிலிருந்து வந்து இந்துஜாவின் அணியில் சேர்ந்தவள், வேலை இன்னும் உறுதியாகவில்லை.

"எங்க ஆபீஸைப் பத்தி எழுதுறீங்களாமே அக்கா? பூஜை லீவுல, சப்தமி அன்னிக்கு ஷிஃப்டுல நான் மட்டும்தான். இந்துஜாக்கா எழுதினதுல ஏதோ விட்டுப்போயிருக்கு. கேட்டா எல்லாம் இருக்குங்கறாங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

5

சொன்னால் ஆமினா அதை அறிவு வங்கியில் ஏற்றியாகவேண்டும், அது இவர்கள் அலுவலக விதி. இந்துஜாவின் வேலை போகும். சொல்லாவிட்டால், சப்தமியன்று மென்பொருள் உறைந்தால் பழி ஆமினா தலையில் விழும். இவளையே மேலாளர் அனுப்பியிருந்தால்? இருக்காது. இருக்கலாம்.

உள்ளே போய் டம்ளரோடு வந்தேன். "முதல்ல தண்ணி குடிம்மா."

ஆமினா சிரித்தாள். "எங்க சாட்பாட்டும் இதையேதான் சொல்லும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டம்ளரில் இன்னும் பாதி இருக்கிறது, மெதுவாகத்தான் குடிக்கிறாள். குடித்து முடித்ததும் மறுபடி கேட்பாள். அதற்குள், சொல்லலாமா வேண்டாமா என்று நீங்களாவது சொல்லுங்கள்.