மோடத்தை நோண்டியவள்

எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்திராத காலம். மாடியறையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் போன் லைன் வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுவரும் மோடம். கீழே கூடத்தில் அதே லைனில் ஒரு போன். என் கணவர் கோவிந்த் களமசேரி ஃபாக்டரிக்குப் போனபிறகு மத்தியானங்களில் நான் விளையாடுவேன். எங்கள் அணியில் நாலு பேர். எதிரணியைச் சுட்டு வீழ்த்திக் கோட்டையைப் பிடிக்க வேண்டும். கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகு, யாருடைய மனைவி, யாருடைய மருமகள் என்று கேட்காமல் எனக்காகக் காத்திருந்தவர்கள் முகம் தெரியாத அந்த மூன்று பேர்தான்.

ஆனால் லைன் அறுந்துகொண்டே இருந்தது. நான் பாதியில் மறைந்துபோவேன். மற்ற மூவரும் சாவார்கள். கடைசியில் அணித்தலைவன் எழுதிவிட்டான்: வெள்ளிக்கிழமை ஆட்டத்திலும் அறுந்தால் உனக்குப் பதில் வேறு ஆள்.

மோடத்தின் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். கம்ப்ரஷனை அணைத்தேன். எர்ரர் கரெக்‌ஷனையும் அணைத்தேன். அது வழியில் தவறிய தகவல் துணுக்கை மறுபடி வரவழைக்கும்வரை எல்லாம் நின்றுவிடும், அதற்குள் நான் செத்திருப்பேன். எங்கள் பழைய ஒயர் தாங்குகிற அளவுக்கு வேகத்தைக் குறைத்து வைத்தேன். எக்ஸ்சேஞ்சில் சொல்லி, நடுவில் வேறு அழைப்பு வந்தால் பீப் அடித்து லைனைக் கெடுக்கும் கால் வெயிட்டிங்கை எடுக்கச் செய்தேன். பொத்தானை அழுத்திய கணத்தில் குண்டு பாய்ந்தது. அப்படியொரு நிறைவை அந்த வீட்டில் நான் செய்த எந்தச் சமையலும் தந்ததில்லை.

அப்புறமும் அறுந்தது.

"நீ நோண்டி நோண்டித்தான் கேடாயிருக்கு, ஸாதனா," என்றார் கோவிந்த். சாயாவைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். மாற்றட்டுமா என்று கேட்கவில்லை. அதைவிட, அவர் சொன்னதைப் பாதி நம்பினேனே, அதுதான் என்னை எரித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி எல்லாவற்றையும் என் விருப்பப்படி அமைத்துவிட்டு உட்கார்ந்தேன். அறுந்தது. தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். என் மாமியார் லோகாம்பாள் ஒரு காதில் ரிசீவரை வைத்து, மறு காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆரம்மா போன்ல?"

"ஆருமில்லை, வெறுதே சும்மா. ஒரே இரைச்சலாக்கும், கடுகு பொரியறாப்பல. நீ பேசறது ஒண்ணும் கேக்க மாட்டேங்கறது."

"நான் பேசலை. அது கம்ப்யூட்டர்."

"அதேதான் நானும் பறஞ்சேன். பேச்சே கேக்கலைடான்னு. அவனுக்கு விஸ்வாஸம் வரலை."

"ஆருக்கு?"

"கோவிந்துக்குத்தான். அவன் அங்கேர்ந்து விளிச்சா எப்பவும் என்கேஜ்ட். ஆரோட பேசறாள்னு எடுத்துப் பாரும்மான்னான். பாக்கறேன், ஒண்ணும் மனஸிலாகலை."

அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல, அத்தனை சாதாரணமாகச் சொன்னார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

அதே லைனில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் மோடம் லைனை விட்டுவிடும். அதை எனக்குச் சொல்லித்தந்ததே கோவிந்த்தான். தெரிந்தேதான் நான் நோண்டியதால் கெட்டது என்றிருக்கிறார். நான் நிஜமாகவே யாரோடாவது பேசியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கையில் துப்பாக்கியோடு நான் மதில் மதிலாக ஓடிக்கொண்டிருக்க, அவர் அந்த ஒயருக்குள் ஓர் ஆணின் குரலைத் தேடியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால், கீழே இருந்த போனின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"எந்தாடி இது? அவன் விளிச்சா?"

"என்கேஜ்டா இருக்கும்."

"கேட்டா நான் என்ன பறையறது?"

"அவளாக்கும் பிடுங்கினதுன்னு பறையுங்கோ."

லைன் கடைசிவரை அறுந்துபோகவில்லை. ஆனாலும் தோற்றோம். கோட்டை வாசலில் நான் தப்பான பக்கம் திரும்பி அடிபட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. வேறு யார் கையும் அதில் இல்லை. அணித்தலைவன் எழுதினான்: "லைன் பரவாயில்லை, குறிதான் மோசம். அடுத்த வாரமும் வா."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆத்திரம் அப்படியே இருந்தது.

சாயங்காலம் கோவிந்த் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மத்தியானம் பூரா என்கேஜ்ட்," என்றார்.

"ஆமாம்."

"ஆரோட?"

இத்தனை நாளில் என்னிடமே அவர் அதைக் கேட்டது அன்றுதான்.

"மூணு பேரோட. ஒருத்தர் பேரும் நேக்குத் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு மேல வந்து பக்கத்துல உக்காருங்கோ, காமிக்கறேன். செட்டிங்ஸை மட்டும் தொடாதேங்கோ."

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அம்மா கப்பைக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. ஒரு காலில் மட்டும் ஷூவோடு கோவிந்த் அப்படியே நின்றார்.