மலைமேல் ஆயிரத்து எண்ணூறு அடி

தாரணி பொய் சொல்கிறாள் என்று அறிக்கையில் எழுதியவன் நான்தான். பொய் என்ற சொல்லைப் போடவில்லை. ‘பயிற்சி விமானி வழி விலகியிருக்கலாம்’ என்று மரியாதையாக எழுதினேன். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு வேலை. இரண்டு பேர் உட்காரக்கூடிய விமானங்கள் மூன்று இருக்கின்றன. நான் ஓட்டுகிறவன் இல்லை. வானிலை பார்த்து எது போகலாம், எது போகக்கூடாது என்று சொல்கிறவன். அதற்காகவே ஓர் இணையப் பக்கம் செய்து வைத்திருக்கிறேன். செயற்கைக்கோள் படம், காற்றின் திசை, பக்கத்து விமான நிலையங்களின் அறிக்கை எல்லாம் அதில் ஒரே இடத்தில் வந்துவிடும். ஆனால் எனக்குப் பெருமையெல்லாம் அதிலுள்ள ஒரே ஒரு கட்டத்தில்தான். கொல்லிமலைக்கு மேல் மேகம் எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்று அது நிமிடத்துக்கு நிமிடம் காட்டும். வேறு எங்கேயும் அது கிடைக்காது. வெளியூர் விமானிகள்கூட கிளம்புமுன் இந்த ஜீவானந்தத்தின் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு சுலபம். திண்ணனூர் நாட்டில் ராதிகா என்பவருடைய காட்டு ஓரத்தில் கம்பம் நட்டு ஒரு வெள்ளைப் பெட்டி வைத்திருக்கிறோம். அது காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து அனுப்பும். அந்தக் காற்று இன்னும் எத்தனை டிகிரி குளிர்ந்தால் மேகமாகக் கட்டும் என்று பார்க்க வேண்டும். ஒரு டிகிரிக்கு நானூறு அடி என்று வைத்துக்கொள்ளலாம். குளிர வேண்டியது ஒன்றுமில்லை என்றால் மேகம் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை. மலையைவிட ஆயிரம் அடி உயரத்தில் தாண்டித் துறையூர்ப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும், தனியாக. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தாரணி போகும் முதல் நீண்ட பயணம் அது. சேந்தமங்கலத்து விவசாயி வீட்டுப் பெண், வயது இருபத்தொன்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். காலை எட்டு மணிக்கு என் கட்டம் ஆயிரத்து எண்ணூறு அடி என்றது. போகலாம் என்றேன். மலையை நெருங்கியதும் ரேடியோவில் கூப்பிட்டு, முன்னால் வெள்ளையாக இருக்கிறது, திரும்பட்டுமா என்று கேட்டாள். வெறும் புகைமூட்டம், மேகம் உனக்கு மேலே எங்கேயோ இருக்கிறது, போ என்றேன். போனாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பி வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மேகத்துக்குள் போய்விட்டதாக அவளே எழுதிக் கொடுத்தாள். எங்கள் தொழிலில் அது சின்னத் தப்பு இல்லை. உள்ளே போய்விட்டால் புதிதாக ஓட்டுகிறவருக்கு மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. தலைமைப் பயிற்சியாளர் சதீஷ்குமார் என்னைக் கூப்பிட்டார். அவள் பறந்த உயரத்தில் மேகமே இல்லையே என்று நான் என் பக்கத்தை அச்செடுத்து நீட்டினேன். அப்படியானால் அவள் உயரம் தப்பியோ வழி தப்பியோ போய்விட்டு மறைக்கிறாள் என்றுதானே ஆகும்? தனியாகப் பறக்கத் தடை போட்டார்கள். திங்கட்கிழமை கூட்டத்தில் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரேடியோவில் நான் ‘போ’ என்றதை நான் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை.

எனக்கு அவள்மேல் வருத்தம்கூட இல்லை, எரிச்சல்தான். என் பக்கத்தையே பொய் என்கிறாளே. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கிறது, நிமிடவாரியாக எல்லாம் அதில் பதிந்திருக்கும். அதையும் கொண்டுவந்து கூட்டத்தில் வைத்துவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது என்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுத்தேன்.

ஐம்பதாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் ரோடே தெரியவில்லை. விளக்கைப் போட்டும் முன்சக்கரம் வரைக்கும்தான் கண்ணுக்குப் பட்டது. எதிரே வந்த லாரியின் ஹாரனை நம்பி ஓரம் கட்டினேன். நின்ற இடத்தில் செல்போனை எடுத்து என் பக்கத்தைத் திறந்தேன். மலைமேல் ஆயிரத்து எழுநூறு அடி வரைக்கும் மேகம் இல்லை என்றது.

பெட்டி கெட்டுவிட்டது, விற்றவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று தனியாகத் திட்டிக்கொண்டே மீதி வளைவுகளை ஏறினேன். அந்தக் கோபம் வேறு எதையும் நினைக்கவிடாமல் பார்த்துக்கொண்டது.

ராதிகாவின் வீட்டு வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு நேரே பெட்டியிடம் போனேன். தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்தேன். கம்பத்தடியில் மூன்று கல் கூட்டி, அதன்மேல் ஒரு மண்சட்டி. சட்டி நிறையக் கங்கு, மேலே சாம்பல் பூத்திருந்தது.

சத்தம் கேட்டு ராதிகா வந்தார். இது என்ன என்று கேட்டேன். நல்ல வேலை செய்தவரின் முகத்தோடுதான் பதில் சொன்னார்.

“மூடாப்பு நாள்ல மட்டுந்தானுங்க வெப்பேன். வெயில் வந்துச்சுன்னா எடுத்துருவேன். ஈரம் பட்டுப் பெட்டி கெட்டுப்போச்சுன்னு போன தடவ அத்தன பேச்சு பேசுனீங்களே.”

பேசியது உண்மை. ஐப்பசி மழையில் முதல் பெட்டி பழுதானபோது, மழை மேல் இருந்த கோபத்தையெல்லாம் இந்த மனுஷிமேல் கொட்டிவிட்டுப் போனேன். உங்கள் வீட்டுப் பொருள் என்றால் இப்படித்தான் விடுவீர்களா என்றுகூடக் கேட்டேன். வீட்டுப் பொருள் என்றால் என்ன செய்வார்கள்? மலையில் மூடுபனி மாதங்களில் கெடக்கூடாதது எல்லாம் அடுப்புச் சூட்டில்தான் இருக்கும். மிளகு, விதை ராகி, தீப்பெட்டி, பிள்ளைகளின் சர்டிபிகேட் உட்பட. என் பெட்டியையும் அவர் அப்படியே காப்பாற்றியிருக்கிறார், விடியுமுன் எழுந்து கங்கு அள்ளி. பெட்டியும் கெடவில்லை. கங்குச் சூட்டில் காய்ந்துபோன, தன்னைச் சுற்றியிருந்த ஒரு முழம் காற்றை அது சரியாகவே அளந்து அனுப்பியிருக்கிறது.

அப்போதும் திட்டத்தான் வாய் வந்தது, பழக்கதோஷம். அதற்குள் அவர், ஏனுங்க, தப்புங்களா என்று கேட்டுவிட்டார். சட்டியின் சூடு பெட்டியை ஏமாற்றியதையும், அதை நம்பி ஒரு பெண் இந்த மலைமேல் மேகத்துக்குள் போனதையும் சொன்னேன். அவர் சட்டியைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை.

“ஐயோ சாமி. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலீங்களே?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. நாலு நாளில் அவளிடம் வேகம் கேட்டேன், உயரம் கேட்டேன், திசை கேட்டேன். இதை நான் கேட்கவே இல்லை. அவமானமாக இருந்தது.

அங்கேயே நின்று தாரணிக்குப் போன் போட்டேன். மலையில் மேகம் இருந்தது, நீ எழுதியது சரி, போ என்று சொன்னவன் நான், நாளைக்குக் கூட்டத்தில் இதையேதான் சொல்லப்போகிறேன் என்றேன். சரிங்க சார் என்றாள். வைத்துவிடுவாளோ என்று அவசரமாகக் கேட்டேன்.

“பயந்துட்டியா கண்ணு?”

கேட்டதற்கு மேலேயே பேசினாள்.

“உள்ள போயிட்டா ஒரு நிமிசம் எண்ணிக்கிட்டே திரும்பணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்கல்லங்க சார். எண்ணுனேன். உசரம் குறையறது தெரியலீங்க. நாப்பது எண்ணுறப்ப ஒரு மரம் தெரிஞ்சுதுங்க, றெக்கைக்குக் கீழ. மரத்துல மொளகுக்கொடி ஏறியிருந்துச்சு. எல எலயாத் தெரிஞ்சுதுங்க சார்.”

அறிக்கையில் மரம் இல்லை. ஏம்மா எழுதவில்லை என்றேன்.

“மேகமே இல்லைன்னுட்டீங்க. மரத்த யாருங்க நம்புவாங்க?”

பெட்டிக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.