தெளிவாக இருந்த குழாய்

ஆய்வுக்கூடத்துத் தலைமை டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் வந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவாள். அந்தச் சின்னக் குழாயை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். நீர் துளி கலங்கியிருந்தாலும் "ஓடு" என்பாள். மூளையைச் சுற்றிய சவ்வில் பாக்டீரியா புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தாமதித்தால் ஆள் போய்விடும், தப்பினாலும் கண்ணோ காதோ போய்விடும். ஆகவே அந்தக் குழாய் எல்லா வரிசையையும் தாண்டி முதலில் போகும். தண்ணீர் மாதிரி இருந்தால் "தெளிவு" என்பாள். அது வைரஸ் ரகம், பெரும்பாலும் தானாக ஆறிவிடும். அதற்குச் சர்க்கரை, புரதம், செல் எண்ணிக்கை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்று வழக்கமானதைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். அவள் சொன்னது அநேகமாகச் சரியாகவே வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. எப்போதும் சரியாகச் சொல்கிற கண்ணை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகப்பட்ட ஒரே ஆள் குழந்தைகள் வார்டின் இளம் டாக்டர். பார்க்கும் போதெல்லாம் அவருக்கு லாக்டேட் என்ற அமிலத்தைப் பற்றி ஒரே பாட்டுத்தான்.

"எல்லாக் குழாய்லயும் லாக்டேட் பாருங்க மேடம். ரத்தத்துக்குத் தினமும் பாக்கற மெஷின்தானே? இதையும் ஒரு சொட்டு போட்டா என்ன?"

"சர்க்கரை பாக்கறோம், செல் எண்றோம், கல்ச்சர் வைக்கறோம். பத்தாதா உங்களுக்கு?"

"ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுட்டு வர்ற குழந்தைன்னா அதெல்லாம் ஏமாத்திடும் மேடம். கல்ச்சர்ல ஒண்ணும் வளராது, தண்ணிகூட தெளிவா இருக்கும். ஆனா கிருமி உள்ள பண்ணின அட்டகாசத்துல லாக்டேட் ஏறியிருக்கும். அது சட்டுனு இறங்காது. அடுப்பை அணைச்சாலும் சாம்பல் கொஞ்ச நேரம் சூடாத்தானே இருக்கும்?"

"சமையல் வகுப்பை உங்க வார்டுல வெச்சுக்கோங்க டாக்டர். இங்க லேப் நடக்குது."

கூடமே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு அங்கே 'லாக்டேட்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "அதோ வருது பார் லாக்டேட்" என்று அவளே சொல்வாள். கடைசியில் தொல்லை தாங்காமல் பாதி இறங்கி வந்தாள்: கலங்கின குழாய்க்கு லாக்டேட் பார்க்கலாம், தெளிவானதற்குக் கிடையாது.

"கலங்கினது கண்ணுக்கே தெரியுதே மேடம். தெளிவானதுக்குத்தானே வேணும்?" என்று அவர் முனகிக்கொண்டே போனார்.

அதில் நியாயம் இருப்பது அவளுக்கும் உறைத்தது. ஆனால் அத்தனை பேர் எதிரில் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க மனசு இடம் கொடுக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வீட்டு வகையில் அவளுக்கு எல்லாமே தம்பி குடும்பம்தான். இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். தம்பி மகள் ஒன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தால் மூடமாட்டாள், தூக்கத்திலும் பேசுவாள். அத்தை வைத்த பெயர் 'ரேடியோ'. தெருமுனையில் அத்தையின் ஸ்கூட்டர் திரும்பும் போதே, எத்தனை வண்டிகளுக்கு நடுவிலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துவிடுவாள். அத்தை வண்டியை நிறுத்துவதற்குள் மாடி ஜன்னலிலிருந்து "அத்தை வந்தாச்சு!" என்று தெருவுக்கே அறிவிப்பு வந்துவிடும். பாம்புக்காது என்று வீட்டில் சிரிப்பார்கள்.

அந்த ரேடியோவுக்குக் காதுவலி என்று தம்பி மனைவி போன் செய்தாள். கூடவே ஜுரம். அத்தை வேலை முடிந்து வரும் வழியிலேயே மருந்துக்கடையில் ஓர் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக்கொண்டு போனாள்.

"டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா அண்ணி?"

"அப்ப நான் யாராம்?"

தம்பியும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தார்கள். சிரப்பை அளந்து அவளே ஊட்டினாள். ஜுரம் கொஞ்சம் தணிந்தது, வலி குறைந்தது. அக்கா கைராசி என்று தம்பி பெருமைப்பட்டான். பாழாய்ப்போன அந்தக் கைராசியை நம்பி இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் குழந்தை வாந்தியெடுத்தாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் அரைக்கண் திறந்து மறுபடி மூடிக்கொண்டாள். அள்ளிப்போட்டுக்கொண்டு அத்தையின் ஆஸ்பத்திரிக்கே ஓடினார்கள்.

வார்டில் இளம் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் முதுகில் நீர் எடுத்தார், ஆன்டிபயாடிக் ஊசிமருந்தையும் ஆரம்பித்தார். "இங்க வர்றதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். ஜுர மருந்து மட்டும்தான்" என்றாள் தாய்.

அவள் பொய் சொல்கிற ஜாதி இல்லை. அண்ணி வேலை பார்க்கிற இடத்தில் அண்ணியை மாட்டிவிடலாமா என்ற பயம். அண்ணிக்குத் தெரியாததா, வேண்டுமானால் அவளே சொல்லிக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

குழாய் கூடத்துக்கு வந்தது. டாக்டரம்மா அதை ஜன்னலுக்கு நேரே தூக்கினாள். பார்த்தாள், தண்ணீர்தான், பளிச்சென்ற தண்ணீர். "தெளிவு" என்றாள். சொன்ன வேகத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

செல்கள் கொஞ்சம்தான் இருந்தன. சர்க்கரை சற்றே இறங்கியிருந்தது. சாப்பிடாத பிள்ளை, அப்படித்தான் இருக்கும். கிருமி எதுவும் கண்ணில் படவில்லை. சிரப் ஞாபகம் அவளுக்கு வராமலில்லை. வந்தது. நாலு ஸ்பூன் சிரப் என்ன பண்ணிவிடும் என்று அதை ஒதுக்கினாள். வைரஸாக இருக்கவேண்டுமே என்று மனசு கிடந்து தவித்தது, கண் அதற்குத் தாளம் போட்டது. இதே குழாய் வேறு வீட்டுப் பிள்ளையுடையதாக இருந்தால், "முதல்ல என்ன மருந்து குடுத்தாங்கன்னு கேளு" என்று கத்தியிருப்பாள்.

போனை எடுத்தாள். "டாக்டர், வைரஸ்தான். ஊசியை நிறுத்திடுங்க. பிஞ்சுக் கை, சும்மா குத்திக்கிட்டே இருக்காதீங்க."

அந்தப் பக்கம் ஏதோ சொல்ல வந்து நின்றது போலிருந்தது. பிறகு, "சரி மேடம்."

"இன்னிக்கு லாக்டேட் வாயே திறக்கலை பாத்தியா?" என்று பக்கத்திலிருந்த டெக்னீஷியன் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் மதியம் ரேடியோவுக்கு வலிப்பு வந்தது. இளம் டாக்டர் யாரையும் கேட்கவில்லை, ஊசியை மறுபடி ஆரம்பித்துவிட்டார். தகவல் கேட்டதும் டாக்டரம்மா குளிர்பெட்டியைத் திறந்தாள். முந்தின நாள் மிச்சம் அங்கே அப்படியே இருந்தது. தன் கையாலேயே மெஷினில் வைத்தாள்.

"மேடம், அது தெளிவு. தெளிவுக்கு நாம லாக்டேட் போடறதில்லையே?" என்றாள் டெக்னீஷியன் பெண், ஒரு கள்ளமும் இல்லாமல்.

மெஷினில் எண் வந்தது. வைரஸில் அவ்வளவு ஏறாது. பாக்டீரியாதான், சந்தேகத்துக்கே இடமில்லை. நேற்றே போட்டிருந்தால் நேற்றே இதைச் சொல்லியிருக்கும். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், உட்காரவில்லை.

வார்டு வாசலில் இளம் டாக்டரைப் பிடித்தாள்.

"நேத்து ஏன் நீங்க கேக்கலை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எத்தனை தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன் மேடம். அதுவும் உங்க வீட்டுக் குழந்தை. என்னைவிட நீங்க கவனமாத்தான் பாத்திருப்பீங்கன்னு நினைச்சேன். ஆனா நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் லாக்டேட் போட்டிருக்க மாட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆன்டிபயாடிக் நான் குடுத்தேன் டாக்டர். சிரப். ரெண்டு நாள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

"அது மட்டும் தெரிஞ்சிருந்தா, நீங்களே சொன்னாலும் ஊசியை நிறுத்தியிருக்க மாட்டேன் மேடம்" என்றார் மெதுவாக.

நல்லவேளை, ஊசி வேலை செய்தது. வலிப்பு நின்றது, ஜுரம் படிப்படியாக இறங்கியது. "உயிருக்கு இனிமே பயமில்ல. காதுதான் பாக்கணும். நல்லா முழிச்சதும் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார் இளம் டாக்டர்.

"ஒரு நாள் முன்னாடியே விடாம குடுத்திருந்தா?"

"சொல்ல முடியாது மேடம். அப்பவும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்."

அந்த 'இருந்திருக்கலாம்' அவளைத் தின்றது. எந்த மெஷினில் போட்டாலும் அதற்கு விடை வராது.

அன்று மாலை அவள் வார்டுக்குள் போனபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இருந்ததாலதான் பிழைச்சா அக்கா. வேற ஆஸ்பத்திரின்னா எங்க பாடு என்ன ஆயிருக்கும்!"

தம்பி மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரப் விஷயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இப்போதும் அண்ணியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. அந்த விசுவாசத்துக்கு அவள் யோக்கியதை இல்லாதவள்.

"என்னாலதான்டா பிழைக்காம போயிருப்பா" என்றாள்.

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சிரப்பை, குழாயை, நிறுத்தச் சொன்ன போனை, அந்த டாக்டரைக் கேலி செய்து வாயை அடைத்ததை. தம்பி பிடித்திருந்த கை மெல்ல நழுவியது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டியிருக்கலாம், நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவளுக்கு உடைந்துவிட்டது. அம்மா இறந்தபோதும் அப்படி அழாதவள், வாய்விட்டு, குரலெடுத்து அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடிவந்து, "மேடம், மேடம், குழந்தைங்க தூங்குது" என்றாள். தம்பி மனைவி அவள் தோளைப் பிடித்தாள். அவள் பிடித்திருந்த கம்பியோடு கட்டிலும் குலுங்கியது.

அந்தக் குலுக்கலில் ரேடியோ கண் விழித்தாள். கொஞ்ச நேரம் அத்தையின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அத்தையின் வாயைத் தொட்டாள்.

"அத்தை, ஏன் சத்தமே வராம அழற?"