முப்பத்திரண்டரைப் புள்ளி

ராய்ஸுக்குக் கூடைப்பந்து தெரியும் என்பது ராய்ஸுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. பள்ளிக்கூட டீமில் இருந்தான், வாஸ்தவம். முக்கால்வாசி நேரம் பெஞ்சில் இருந்தான். கேட்டால் முழங்கால் என்பான், கோச்சுக்குத் தன்மேல் பொறாமை என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மேதைதான் நவம்பர் பிறந்ததும் சோபாவில் சாய்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் காலேஜ் எந்தக் காலேஜை எத்தனை புள்ளியில் அடிக்கும் என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் ஜோசியம் சொல்வான். கென்டக்கி மாநிலத்தில் இந்த வியாதி இல்லாத வீடு குறைவு. ஆனால் மற்ற வீடுகளில் எப்போதாவது ஜெயிப்பார்கள்.

அவன் மனைவி வெர்னா கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவள். இன்றைக்கு மட்டும் அவனை எதுவும் சொல்வதில்லை என்று நினைத்திருந்தாள். காரணம், மகன் கோல்பி.

கோல்பி மாநிலப் பல்கலைக்கழக டீமில் இருந்தான். இருந்தான் என்றால், பயிற்சியில் பெரிய ஆட்டக்காரர்களுக்கு எதிரே நின்று இடிபடவும், ஆட்டத்தன்று துண்டைச் சுழற்றிக் கைதட்டவும் வைத்திருக்கும் பையன். உதவித்தொகை கிடையாது. இது கடைசி வருஷம். இதுவரை ஒரு கூடைகூடப் போட்டதில்லை. சீசன் ஆரம்பத்தில்தான் எங்கிருந்தோ ஒரு சோப்ளாங்கி காலேஜைக் காசு கொடுத்து வரவழைத்து அடித்துத் துவைப்பார்கள். அப்போதுதான் கோல்பி மாதிரிப் பையன்களுக்குக் கடைசி சில நிமிஷங்கள் கிடைக்கும். ஜனவரியில் பெரிய டீம்களோடு மோத ஆரம்பித்துவிட்டால் அதுவும் போச்சு. என் பிள்ளை ஒரே ஒரு கூடை போட்டுவிடட்டும், நான் வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று வெர்னா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மண்டியிட்டுக் கேட்டிருந்தாள்.

இன்றைக்கு மாட்டிக்கொண்ட சோப்ளாங்கி, சாண்டி ஃபோர்க் காலேஜ். வெர்னா பெரிய பானையில் கறியும் பீன்ஸும் போட்டுச் சில்லிக் குழம்பு கொதிக்க வைத்து, தொட்டுக்கொள்ள வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் அடுக்கியிருந்தாள். அவள் தம்பி லெஸ்டர் டீம் சட்டையோடு ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பல்கலைக்கழகம் இருபது புள்ளி முன்னால் போய்விட்டது. லெஸ்டர் ஒவ்வொரு கூடைக்கும் தொடையைத் தட்டினான். ராய்ஸ் ஒவ்வொரு கூடைக்கும் முனகினான்.

வெர்னா கவனித்துவிட்டாள். "நம்ம டீம் போட்டா நீ ஏன் வயித்துவலிக்காரன் மாதிரி முனகற?"

லெஸ்டர் சட்டென்று கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"லெஸ்டர், நீ சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மச்சான் சாண்டி ஃபோர்க் மேல கட்டியிருக்காரு. அது ஒண்ணுதான் தெரியும்."

"ஜெயிக்கறதுக்குக் கட்டல," என்றான் ராய்ஸ், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற தோரணையில். "நம்மாளுங்கதான் ஜெயிப்பானுங்க. பந்தயம் வாங்கறவன் சாண்டி ஃபோர்க்குக்கு முப்பத்திரண்டரை புள்ளி கொடுத்திருக்கான். முப்பத்திரண்டோ அதுக்குக் கம்மியோ வித்தியாசத்துல ஜெயிச்சா, பணம் எனக்கு. அதுக்கு மேல போனாத்தான் போச்சு. பந்தயம் பாசத்துல கட்டறதில்ல வெர்னா. மூளையில கட்டறது."

"அப்ப உனக்கு எதுக்கு அந்த வேலை?"

"சிரி, சிரி. எனக்கு உள்விஷயம் தெரியும். கோச் இன்னைக்குக் கடைசியில பெஞ்ச் பசங்க அத்தனை பேரையும் இறக்கப் போறாரு. எல்லாம் உருப்படாததுங்க. பந்தைப் பிடிக்கவே தெரியாது. சாண்டி ஃபோர்க்காரன் அந்த நேரத்துல பத்துப் புள்ளியாவது தேத்திடுவான்."

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "பெஞ்ச் பசங்கன்னா?"

"பெஞ்ச் பசங்கதான்."

"கோல்பியா?"

"அவன் மட்டும் இல்லையே. இன்னும் நாலு பேர் இருக்கானுங்க."

"கோச் இறக்கப் போறாருன்னு யார் சொன்னா உனக்கு?"

ராய்ஸ் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சொல்ல வேண்டியதில்லை. மதியம் அவன் வாசலில் நின்று போனில் கோல்பியோடு பேசியதை அவள் பார்த்திருந்தாள். தானாக மகனைக் கூப்பிடுகிற ஆளே இல்லை. இப்போதாவது புத்தி வந்ததே என்று மனம் குளிர்ந்து, அவன் கிண்ணத்தில் சீஸை அள்ளி அள்ளிப் போட்டிருந்தாள். மடச்சி. பிள்ளை பாவம், 'இன்னைக்கு எங்களை இறக்குவாங்கப்பா, டிவியைப் பாருங்க' என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கும். இந்த மனுஷன் அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று பணம் கட்டியிருக்கிறான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவன் காக்கையைவிடக் கேடு.

அவள் எழுந்து போய் அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, பின்கதவைத் திறந்து, நாயின் தட்டில் கவிழ்த்தாள்.

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்," என்றான் ராய்ஸ்.

"நாய் நன்றியுள்ளது. அது சாப்பிடட்டும்."

இரண்டாம் பாதியில் வித்தியாசம் நாற்பதைத் தாண்டியது. கோச் பெரிய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார். கடைசியில் பெஞ்ச் எழுந்தது. கோல்பி மேல்சட்டையைக் கழற்றியதும் மாணவர் கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. வெர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, ராய்ஸின் கணக்கு பலித்தது. பையன்கள் பதற்றத்தில் பந்தை எதிராளி கையிலேயே கொடுத்தார்கள். நாற்பது முப்பத்தெட்டாயிற்று, முப்பத்தைந்தாயிற்று. ராய்ஸ் சோபாவின் நுனிக்கு வந்தான். கோல்பிக்கு முதல்முறை பந்து வந்தது. எறிந்தான். வளையத்தில் பட்டு வெளியே போயிற்று.

ராய்ஸ் கைதட்டினான். பெற்ற அப்பன். மகன் தவறவிட்டதற்குக் கைதட்டினான்.

லெஸ்டருக்கே பொறுக்கவில்லை. "மச்சான், கொஞ்சம் அடக்கி வாசிங்க," என்றான்.

"நீ சும்மா இருடா. முப்பத்தொண்ணு ஆயிடுச்சு பாரு. பந்தும் நம்ம பசங்ககிட்டதான். இன்னும் கொஞ்ச நேரந்தான். இனி எறியமாட்டானுங்க."

அது உண்மைதான். இவ்வளவு முன்னால் இருக்கிறவன் கடைசி நொடிகளில் எறியாமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுதான் இந்த ஆட்டத்தின் மரியாதை. சாண்டி ஃபோர்க் பையன்களும் களைத்துப்போய்க் கையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். பந்து கோல்பியிடம் வந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்றான். மாணவர் கூட்டம் எழுந்து நின்று, எறி, எறி என்று அலறியது.

"வெச்சுக்கடா," என்றான் ராய்ஸ். "வெச்சுக்க ராஜா. அப்படியே நில்லு."

"எறிடா," என்றாள் வெர்னா.

கோல்பி ஒருமுறை கோச்சைப் பார்த்தான். பிறகு எறிந்தான். பந்து வலையில் விழுந்து கீழே இறங்கியது. மணி அடித்தது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள்.

முப்பத்து நாலு.

வெர்னா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராய்ஸ் போனைச் சோபாவின் மூலையில் விட்டெறிந்துவிட்டு, "முட்டாப்பய. முட்டாப்பய," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் வெர்னாவின் போன் அடித்தது. பின்னால் ஒரே இரைச்சல், பாட்டு, பையன்கள் தண்ணீரை வாரி இறைக்கும் சத்தம்.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன்டா கண்ணு. பூராவும் பாத்தேன்."

"அப்பா பாத்தாரா? அவர்கிட்ட குடு."

அவளுக்குக் கொடுக்க மனமில்லை. ஆனாலும் பிள்ளை கேட்கிறதே. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, ராய்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லித் தொலை என்று கண்ணாலேயே சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

"முப்பத்தோரு புள்ளி மேல நிக்கறப்ப யாராவது எறிவாங்களாடா?" என்றான் ராய்ஸ். "எதிராளிக்கு ஒரு மரியாதை வேணாம்? நான் உன்ன இப்படியா வளர்த்தேன்?"

அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோல்பியின் குரல் மட்டும் இறங்கிப் போயிற்று.

"சாரிப்பா. பந்து கைக்கு வந்துச்சு. இத்தன வருஷத்துல... சரி, எறிஞ்சிட்டேன். அவங்க கோச் இன்னும் இங்கதான் இருக்காரு. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டுமா?"

இதை அவன் நிஜமாகவே கேட்டான். வெர்னா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிள்ளையின் சந்தோஷம் கெட்டுவிடும் என்றுதான் அவள் விஷயத்தை விழுங்கிக்கொள்ள நினைத்திருந்தாள். அதைத்தான் இவன் கெடுத்துவிட்டானே.

"நீ யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேணாம்," என்றாள். "உங்கப்பன் சாண்டி ஃபோர்க் மேல பணம் கட்டியிருந்தாரு. நீங்க பெஞ்ச் பசங்க, ஒரு கூடையும் போடமாட்டீங்கன்னு நம்பிக் கட்டினாரு. மரியாதையாம், மண்ணாங்கட்டி."

"வெர்னா," என்றான் ராய்ஸ்.

அங்கே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதோ வரேன் என்று கோல்பி அவர்களுக்குப் பதில் சொன்னான்.

"எத்தன புள்ளிம்மா?"

"முப்பத்திரண்டரை."

முப்பத்தொண்ணும் மூணும் என்று அவன் முணுமுணுப்பது கேட்டது. கணக்குப் போடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக ஒரு சிரிப்பு கேட்டது. அவன் சின்ன வயதிலிருந்து சிரித்த சிரிப்பு எதுவும் இப்படி இருந்ததில்லை.

"அப்ப என் கூடையாலதான் போச்சா?"

"உன் கூடையாலதான்டா."

"அப்பா இருக்காரா?"

"இருக்கேன்," என்றான் ராய்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அடுத்த செவ்வாயும் இதே மாதிரி ஒரு டீம்தான் வருது," என்றான் கோல்பி. "கோச் இறக்கினா மறுபடியும் எறிவேன். பாத்துக் கட்டுங்க."