கியர் போட்டால் நிற்கும் வண்டி

கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி மறுபடியும் செத்தது. அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் வானத்தைப் பார்த்தாள். மேற்கே கறுத்துக் கட்டி நின்றது. கீழ் வயலில் காய்ந்த தீவனக் கட்டுகள் அத்தனையும் திறந்தவெளியில் கிடந்தன. நனைந்தால் பூஞ்சை பிடிக்கும்; பூஞ்சை பிடித்ததை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. மாமா லாரியோடு வெளியூரில். ஆகவே அக்கா கூப்பிட்டதும் ஓடிவந்தவன் தம்பியாகிய நான்.

எனக்குத் தெரிந்தது தண்ணீர் மோட்டார். அது வைத்த இடத்தில் இருந்தபடி வேலை செய்யும், என்னைப் போலவே. நகர்கிற எதையும் நான் தொடுவதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் நட்டு, போல்ட்டு உள்ளதெல்லாம் என் தலையில்தான் விடியும். இந்தக் குட்டி டிராக்டர் நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உறுமியது. கியரைப் போட்டு நகர்த்தினால் அணைந்தது. பேச்சு பெரிது, வேலை என்றால் படுத்துக்கொள்வது. கூடப்பிறந்ததைப் பார்த்த மாதிரி அதன்மேல் எனக்குப் பாசமே வந்தது.

டீசல் ஃபில்டரை மாற்றினேன். குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினேன்; பாதி டீசல் என் சட்டையில் வெளியேறியது. பிறகு நானே ஏறி முற்றத்தைச் சுற்றினேன். பூனை மாதிரி ஓடியது. இறங்கி, “ஓட்டுற ஆளத்தான்க்கா ரிப்பேர் பாக்கணும்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் ஊசிப்போன ஜோக்குகளுக்கு இந்த உலகத்தில் சிரிக்கிற ஒரே ஆள் அவள். வந்ததும், மாமாவின் பழைய சட்டையை இடுப்பில் ஊக்குக் குத்தி அவள் மாட்டியிருந்ததைப் பார்த்து, “சட்டைக்குள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டபோதும் சிரிக்கவில்லை. 

அவள் மட்கார்டைப் பிடித்து ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். முட்டி வலி என்றாள். கிளட்ச்சை எப்படி விடுகிறாள் என்று பார்க்க, நான் பின்னால் டிரெய்லர் மாட்டும் கம்பியில் ஏறி நின்று, சீட்டின் ஓரத்தில் கையை ஊன்றிக் குனிந்தேன். வண்டி நகர்ந்தது. கொட்டகையைத் தாண்டிப் படல் கதவுவரை போனது. நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கக் குதித்தேன். வண்டி செத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே திரும்பி, அவள் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தேன்.

இந்த மாதிரி வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்தால் அமுங்கும். கியர் போட்ட வண்டியிலிருந்து ஆள் விழுந்துவிட்டால் எஞ்சினை அணைத்துவிடும். நான் உட்கார்ந்தால் ஆள். அக்கா உட்கார்ந்தால், வண்டியைப் பொறுத்தவரை, அங்கே யாரும் இல்லை.

நான் அவளை இறங்கச் சொன்னேன். 

“சீட்டத் தூக்காதடா” என்றாள்.

தூக்கினேன். சுவிட்சின் மேல் ஒரு மடித்த அட்டை. அதன்மேல் பழைய செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர். அதற்கும் மேலே ஒரு மரச்சில்லு. எல்லாவற்றையும் நூல் போட்டு நேர்த்தியாகக் கட்டியிருந்தாள். அட்டை கறுத்து நைந்திருந்தது, மரம் புதிது. உடம்பு குறையக் குறைய ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறாள்.

“ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி விட்டாப் போதுமாம்ல. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். நீ என்னடான்னா ஃபில்டரக் கழட்டிட்டு உக்காந்திருக்க.”

கட்டிங் பிளேயர் என் கையில்தான் இருந்தது. கண் சிமிட்டும் நேரத்து வேலை.

“முறுக்கிட்டா, நீ மயங்கி விழுந்தாலும் வண்டி நிக்காதுக்கா. உன் மேலயே ஏறும்.” அவள் மேற்கே பார்த்தாள். “மயக்கம் வருதா?”

“மழ வருது” என்றாள்.

“டாக்டர்ட்ட காட்டினியா?”

“காட்டினா ஏதாவது சொல்லிடுவாங்கல்ல.”

  காற்று திரும்பி, மண் வாசம் எங்கள்மேல் வந்து மோதியது. நான் ஓட்டுகிறேன், நீ வீட்டுக்குப் போ என்றேன். அவள் அந்த அட்டையையும் ரப்பரையும் மரச்சில்லையும் என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்தில் வைத்து, சீட்டைக் கவிழ்த்து, மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். என் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த உட்காரல் அது. நெம்புகோல் போட்டாலும் எழமாட்டாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரி” என்றேன்.

“நான் உன்னக் கேட்டனா?”

“நானும் உன்னக் கேக்கல.”

பிளேயரைப் பைக்குள் போட்டேன். படல் கதவைத் திறந்து, டிரெய்லரை மாட்டி, அதன் முன் பலகைக்கு உள்ளே ஏறி நின்றேன். எட்டிக் குனிந்து, இத்தனை வருடம் தின்று வளர்த்த எடை முழுவதையும் இரண்டு கைகளில் இறக்கி, அவள் உட்கார்ந்த சீட்டின் ஓரத்தை அமுக்கினேன். இந்தத் தொப்பையால் குடும்பத்துக்கு ஒரு பிரயோசனம். 

அவள் கியரைப் போட்டாள். வண்டி கீழ் வயலுக்கு இறங்கியது. பள்ளத்தில் குலுங்கியபோது அவள் முதுகெலும்பு சட்டைக்குள்ளிருந்து என் முழங்கையில் இடித்தது. சூடான பானெட்டில் முதல் துளி விழுந்து ஆவியாகிப் போனது.

“கைய எடுத்துடாதடா” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அடுத்த துளி விழுந்தது. தூரத்தில் கட்டுகள் வெளிறித் தெரிந்தன. மணிக்கட்டு மரத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கைக்கு அடியில் சீட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது.