ஆற்று மணலில் கொட்டிய தார்

வரதராஜன் இரண்டு தகர டின்களைக் காவடித் தடியில் மாட்டிக்கொண்டு, கல்லூரியின் பின்வாசல் வழியாக வறண்ட சுவர்ணமுகி ஆற்றில் இறங்கினான். மணலில் குழி பறித்துத் தாரையும் கறுப்புத் தண்ணீரையும் கவிழ்த்தான். மணல் குடித்துவிட்டது. காலால் மூடியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

அவன் கல்லூரிச் சோதனைக்கூடத்தின் கேஸ் மேஸ்திரி. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்பு எண்ணெய் பீப்பாய்களில் வரும். பழுக்கக் காய்ந்த இரும்புக் கலத்தில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கேஸாகும். குழாயில் போய் மாணவர்களின் அடுப்பில் நீலமாக எரியும். மிச்சம் நிற்பது கறுப்புத் தண்ணீர் கலந்த தார். அதைச் செங்கல் சூளைக்கு எரிக்கக் கொடுப்பதுதான் ஏற்பாடு. சூளை ஒரு மைல். வெயிலில் தோள் பிய்ந்துபோகும். ஆறோ பின்வாசலிலேயே இருந்தது.

அன்று பொன்னியம்மா வாசலுக்கு வந்தாள். அவன் குழி பறிக்கும் இடத்துக்குக் கீழே, ஆற்றோரம் குடிசை போட்டுக் கூலிக்குப் போகிறவள்.

"மேஸ்திரி, மணல் ஊத்துத் தண்ணி நாறுது. புள்ளைங்க துன்னதெல்லாம் வாந்தி எடுத்துக்கினு கெடக்குதுங்க."

"மணலே வடிகட்டலைன்னா நானா வடிகட்டுவேன்? கொடத்தைக் கழுவி எத்தினி நாளாச்சோ!"

காவலாளி ரங்கையா சிரித்தான். அவள் திரும்பிப் போனாள்.

சாயங்காலம், ஊர் எந்த மாநிலத்தில் சேர்வது என்ற எல்லைப் போராட்டக் கூட்டத்தில் "நம்ம ஊரை உடமாட்டோம்!" என்று தொண்டை கட்டக் கத்திவிட்டு வரதராஜன் வீடு திரும்பினான். மனைவி தாட்சாயணி ரசம் ஊற்றினாள். ஒரு வாய் வைத்தவன் துப்பினான்.

"இன்னாடி இது? கேஸ் ரூம் நாத்தம்!"

"தெருக் கெணறு வத்திப்போச்சு. கீழ ஆத்துக்குப் போனேன். பொன்னியம்மா அவ ஊத்துல நாலு கொடம் எறைச்சுக் கொட்டிட்டு, 'இது கொஞ்சம் தேவலாம், கொழந்தைக்கு வெச்சுக்கோ'ன்னு மொண்டு குடுத்துச்சு."

"கொழந்தைக்குக் குடுத்தியா?"

"குடிச்சுட்டுத்தான் தூங்குது."

அவன் சோற்றில் கை வைத்தபடியே தூளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கினான். தான் மூடிய குழிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி, கறுத்த மணலை டின்களில் அள்ளினான். ஊற்றோரம் குந்தியிருந்த பொன்னியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் கொட்டினேன், பொன்னியம்மா."

"தெரியும். கறுப்புத் தண்ணி வானத்துலருந்தா வந்துது?"

"அப்ப நேத்தே மூஞ்சிக்கு நேரா கேக்கறதுதானே?"

"நாறுதுன்னு சொன்னேனே. உன் வூட்டு ஒலையில நாறினப்பறம்தான் உனக்கு நாத்தம் தெரியுது. கொழந்தை எப்டி இருக்குது?"

"ரெண்டு தடவை வாந்தி. இப்ப பரவாயில்ல."

"என் பேரன் இன்னும் எழுந்திரிக்கல." குடத்தைச் சாய்த்து, மேலாக மினுமினுத்த எண்ணெயை வடித்துவிட்டாள்.

வரதராஜன் கடைசிக் குழியையும் தோண்டி அள்ளினான். காவடியைத் தோளில் ஏற்றிச் சூளைப் பக்கம் நடந்தான். வழியில் ரங்கையா கேலி பேசினான்: "இன்னா மேஸ்திரி, மணலைப் போய்ச் சொமந்துக்கினு? எல்லைக் கூட்டத்துக்கு வரலியா?"

வரதராஜன் நின்றான். தோள் எரிந்தது.

"எல்லையை எங்க போட்டாலும் ஆறு கீழ்ப்பக்கம்தாம்பா ஓடும். நம்ம வாசலுக்கு வெளிய கொட்டினா தொலைஞ்சுதுன்னு நெனைச்சேன். தொலையல, கீழ இருக்கறவங்க கொடத்துல போய் நின்னுது. நம்ம அழுக்கை நாமதான் சொமக்கணும்."

சொல்லிவிட்டுத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.